ஸ்கிராட்ச் ஊசி: தேர்ந்தெடுப்பதும் பழக்குவதும்

இசைத்தட்டைக் கையால் முன்னும் பின்னும் இழுத்து ஓசை எழுப்பும் ஸ்கிராட்ச் கலையைக் கற்கத் தொடங்கும் எவரும் முதலில் சந்திக்கும் தொல்லை, ஊசி தாவுவதுதான். கை சரியாகத்தான் போகிறது, மிக்சரில் ஓசையைத் திறந்து மூடும் நழுவுபிடியான கிராஸ்ஃபேடரும் நேரத்துக்குத் திறக்கிறது, ஆனால் ஊசி வரிப்பள்ளத்தை விட்டுத் துள்ளி வேறெங்கோ போய் விழுகிறது. உடனே பெரும்பாலோர் செய்வது, ஊசியைத் தாங்கும் கையான டோன் ஆர்மின் பின்னால் இருக்கும் எடையை இன்னும் ஒரு சுற்று முன்னுக்குத் தள்ளி, ஊசி தட்டை அழுத்தும் எடையைக் கூட்டுவது. அது தாவலைச் சில நாள் அடக்கி வைக்கும். அதற்கு விலையாக ஊசியும் தேயும், தட்டும் தேயும். சரியான ஊசியைத் தேர்ந்தெடுத்து, ஒழுங்காகப் பொருத்தி, அவசரப்படாமல் பழக்கினால், தயாரிப்பாளர் சொன்ன எடைக்குள்ளேயே ஊசி தடத்தில் நிற்கும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கான வழியை, புதியவர்களை மனத்தில் வைத்து, படிப்படியாகச் சொல்கிறேன்.

ஊசிக்குள் என்ன இருக்கிறது

1970களின் நடுப்பகுதியில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் கிராண்ட் விசர்ட் தியோடர் என்ற இளைஞர் தட்டைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் அசைத்து அதையே ஓர் இசையாக ஆக்கியபோது, சந்தையில் இருந்த கார்ட்ரிட்ஜ்கள் (ஊசியைப் பிடித்து அதன் ஆட்டத்தை மின்னாக மாற்றும் சிறு கூடுகள்) பெரும்பாலும் தட்டு ஒரே திசையில் சுழலும் என்ற நம்பிக்கையில் செய்யப்பட்டவை. இன்றும் அடிப்படை அமைப்பு மாறவில்லை. வைர முனை ஒரு மெல்லிய உலோகத் தண்டின் நுனியில் ஒட்டப்பட்டிருக்கும். தண்டின் மறுமுனையில் ஒரு சிறு காந்தம் இருக்கும். அந்தப் பகுதியை ஒரு ரப்பர் வளையம் தாங்கி நிற்கும். வரிப்பள்ளத்தின் அலைகளில் முனை ஆடும்போது காந்தமும் ஆடுகிறது. கார்ட்ரிட்ஜின் உடலுக்குள் இருக்கும் கம்பிச்சுருள்களில் மின்னழுத்தம் பிறக்கிறது. ஆகவே நாம் ஊசியை மாற்றும்போது வைரத்தை மட்டும் மாற்றுவதில்லை; தண்டு, ரப்பர், காந்தம் மூன்றையும் சேர்த்தே மாற்றுகிறோம். பழக்குதல் என்று பின்னால் சொல்லப்போவது முழுக்க அந்த ரப்பரைப் பற்றியதுதான்.

தட்டு முன்னோக்கிச் சுழலும்போது தண்டு பின்னால் இழுபட்டு வருகிறது. கயிற்றில் கட்டிய வண்டியைப் போல அடக்கமாகத் தொடர்கிறது. கையால் தட்டைப் பின்னுக்கு இழுக்கும் கணத்தில் அதே தண்டு முன்னே தள்ளப்படுகிறது. கயிற்றால் வண்டியைத் தள்ளப் பார்ப்பது எவ்வளவு சிரமமோ, அவ்வளவு சிரமம் அந்தச் சிறு தண்டுக்கும். இந்த இரண்டாவது திசைக்குத் தாக்குப்பிடிக்கும் ஊசிதான் ஸ்கிராட்ச் ஊசி.

தேர்வு

முதலில் பார்க்க வேண்டியது முனையின் வடிவம். கோள முனை, நீள்வட்ட முனை என இரண்டு வகை பரவலாகக் கிடைக்கின்றன. நீள்வட்ட முனை பள்ளத்தின் நுண்ணிய அலைகளை நன்றாகப் படிக்கும். அமர்ந்து பாட்டுக் கேட்பவருக்கு அது நல்லது. ஆனால் அதன் குறுகிய விளிம்புகள் பின்னோக்கிய இழுப்பில் பள்ளத்தின் சுவரை அதிகமாக உரசும். ஸ்கிராட்ச் செய்பவருக்கு 18 மைக்ரான் ஆரம் கொண்ட கோள முனையே ஏற்றது. எந்தத் திசையில் இழுத்தாலும் பள்ளத்தின் சுவருக்கு அது ஒரே உருண்டை முகத்தைத்தான் காட்டும்.

இரண்டாவது, வெளியீட்டு மின்னழுத்தம். வீட்டு ஹை-ஃபை கார்ட்ரிட்ஜ்கள் பெரும்பாலும் 4 அல்லது 5 மில்லிவோல்ட் அளவில் நிற்கும். ஸ்கிராட்ச் வகைகள் அதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு தரும். இதனால் மிக்சரில் கெய்னை (உள்வரும் ஓசையின் பெருக்கத்தை) அதிகம் திருகாமலேயே ஓசை முன்னுக்கு வந்து நிற்கும். இரைச்சலும் அதிர்வும் பின்தங்கும்.

இனி எந்த ஊசி என்ற கேள்வி. அமெரிக்காவின் ஷூர் நிறுவனத்தின் எம்44-7 பல தலைமுறை ஸ்கிராட்ச் கலைஞர்களின் கையில் இருந்தது. 9.5 மில்லிவோல்ட் வெளியீடு, ஊசி தட்டை அழுத்த 1.5 முதல் 3 கிராம் வரை எடை, தாவாத பிடிமானம் என அதற்குப் பேர் கிடைத்ததற்குக் காரணங்கள் தெளிவானவை. 2018இல் ஷூர் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. எம்44-7 உடலை வைத்திருப்போர் இப்போது நம்பிச் செல்லும் இடம் ஜப்பானின் ஜிகோ நிறுவனம். தையல் ஊசியில் தொடங்கி இசைத்தட்டு ஊசிக்கு வந்த பழைய நிறுவனம் அது. எம்44-7க்குப் பொருந்தும் மாற்று ஊசிகளைச் செய்கிறது, அதே வழியில் அமைந்த ஜே44ஏ 7 என்ற முழுக் கார்ட்ரிட்ஜையும் விற்கிறது.

மற்றொரு குடும்பம் டென்மார்க்கின் ஆர்டோஃபோன். அதன் கான்கார்ட் எம்கே2 வரிசையில் ஸ்கிராட்ச் என்றே பெயரிட்ட வகை 10 மில்லிவோல்ட் தருகிறது. 3 முதல் 5 கிராம் வரை தாங்கும், பரிந்துரைக்கப்பட்ட எடை 4 கிராம். கான்கார்டில் ஹெட்ஷெல்லும் (கார்ட்ரிட்ஜைத் தாங்கி ஆர்மோடு சேரும் தலைப்பகுதி) கார்ட்ரிட்ஜும் ஒரே உடலாக இருப்பதால் திருகாணி, கம்பி, கோண அளவு என்று எதுவும் இல்லை. டோன் ஆர்மின் நுனியில் செருகி வளையத்தைத் திருகினால் வேலை முடிந்தது. கைத்திறன் இன்னும் வராத புதியவருக்கு நான் கான்கார்டைத்தான் சொல்வேன். ஏற்கெனவே எம்44-7 உடல் கையில் இருப்பவர் அதை விட்டுவிடத் தேவையில்லை. நல்ல ஊசி ஒன்றை வாங்கினால் போதும்.

வாங்கும்போது ஒரு பெயர்க்குழப்பத்தில் கவனமாக இருங்கள். எம்44 குடும்பத்தின் ஊசிகள் ஒன்றன் உடலில் மற்றொன்று செருகும். எம்44-ஜி என்ற வகைக்கான ஊசியும் எம்44-7 உடலில் அழகாகப் போய் அமரும்; ஆனால் அது 0.75 முதல் 1.5 கிராம் வரைக்கென்று செய்யப்பட்ட மென்மையான ஊசி. 3 கிராமை அதன்மேல் வைத்தால் தண்டு கார்ட்ரிட்ஜின் அடிவயிற்றோடு ஒட்டிப் படுத்துவிடும். செருகுவது எல்லாம் பொருந்துவது ஆகாது. பெட்டியில் எம்44-7க்கான ஊசியின் பெயரான என்44-7 என்று தெளிவாக இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

போலிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நானே ஏமாந்திருக்கிறேன். தயாரிப்பு நின்றுபோன பிறகு, பழைய பெயரை அச்சிட்ட பெட்டியில் ஓர் ஊசியை இணையக் கடை ஒன்றில் பாதி விலைக்கு வாங்கினேன். அன்றிரவே மிக எளிமையான முன்-பின் அசைவுக்கும் தாவியது. பூதக்கண்ணாடியில் பார்த்தபோது வைரம் தண்டின் நுனியில் நேராக நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது; அதைச் சுற்றிப் பசை ஒரு சிறு கட்டியாகத் திரண்டு கிடந்தது. அதற்குள் எனக்கு மிகவும் பிடித்த ஒரு தட்டின் முதல் சுற்றில் நிரந்தரமான இரைச்சல் ஏறிவிட்டது. அன்று முதல், 20 மடங்கு பெருக்கும் சிறு கண்ணாடி ஒன்றில் பார்க்காமல் எந்த ஊசியையும் தட்டின்மேல் வைப்பதில்லை. முன்பக்கத்திலிருந்து பார்க்கும்போது தண்டு நடுவில், வைரம் செங்குத்தாக, பசை மெல்லிய படலமாக இருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

பொருத்துதல்

பழைய ஊசியைக் கழற்றும் முன் ஒலிபெருக்கியின் ஓசையை முழுக்கக் குறைத்துவிட்டு, டோன் ஆர்மை அதன் தாங்கியில் பூட்டி, ஹெட்ஷெல்லைக் கழற்றி மேசைமேல் வையுங்கள். எம்44-7இல் ஊசியின் பிளாஸ்டிக் பிடியை இரு விரலால் இருபுறமும் பிடித்து நேராக முன்னோக்கி இழுத்தால் வந்துவிடும். புதியதை அதே நேர்கோட்டில் உள்ளே தள்ள வேண்டும். உடலுக்கும் பிடிக்கும் நடுவே இடைவெளி தெரியக் கூடாது. விரல் எக்காரணம் கொண்டும் தண்டைத் தொடக் கூடாது. சட்டைக் கை, துடைக்கும் துணியின் நூல், இவை இரண்டும்தான் புது ஊசிகளை அதிகமாக வளைக்கின்றன.

முழுக் கார்ட்ரிட்ஜை மாற்றுவதாக இருந்தால் நான்கு கம்பிகள் உண்டு: வெள்ளை இடதின் நேர்முனை, நீலம் இடதின் தரைமுனை, சிவப்பு வலதின் நேர்முனை, பச்சை வலதின் தரைமுனை. டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டர்ன்டேபிளின் (தட்டைச் சுழற்றும் இயந்திரம்) ஆர்மில், ஹெட்ஷெல் ஆர்மோடு சேரும் இடத்திலிருந்து ஊசி முனை வரை 52 மில்லிமீட்டர் இருக்கும்படி கார்ட்ரிட்ஜை முன்பின் நகர்த்தித் திருகாணிகளை இறுக்குங்கள். தேர்ந்தவர்களில் சிலர் இந்த அளவை விட்டு விலகித் தமக்கென்று ஒரு நிலை வைத்திருப்பார்கள். தொடக்கத்தில் அது வேண்டாம்.

எடை வைத்தல்

ஆர்மை வெளிப்பக்கம் இழுக்கும் ஆன்டி-ஸ்கேட்டிங் என்ற அமைப்பைச் சுழியத்தில் வையுங்கள். பின்புற எடையைத் திருகி, ஆர்ம் எங்கும் தொடாமல் தட்டுக்கு இணையாகக் காற்றில் மிதக்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். ஆர்மைப் பூட்டிவிட்டு, எடையை அசைக்காமல் அதன் முகப்பிலுள்ள எண் வளையத்தை மட்டும் சுழியத்துக்குத் திருப்புங்கள். பிறகு எடையையும் வளையத்தையும் சேர்த்துத் திருகி, எம்44-7 வகையானால் 3 கிராம், கான்கார்ட் ஸ்கிராட்ச் ஆனால் 4 கிராம் வரை கொண்டுவாருங்கள். எண் வளையம் முழு நம்பிக்கைக்கு உரியதல்ல. ஊசி எடை பார்க்கும் சிறிய டிஜிட்டல் தராசு ஒன்று கையில் இருந்தால் ஐயம் தீர்ந்துவிடும். முனை தட்டின்மேல் இருக்கும்போது ஆர்ம் பக்கவாட்டில் இருந்து பார்த்தால் மட்டமாகத் தெரியும்படி அதன் உயரத்தையும் திருத்துங்கள்.

ஆன்டி-ஸ்கேட்டிங் ஏன் சுழியம் என்பதை விளங்கிக்கொண்டால் பல குழப்பங்கள் விலகும். வளைந்த ஆர்மில் தட்டு முன்னோக்கிச் சுழலும்போது, உராய்வு ஊசியை இழுக்கும் கோடு ஆர்மின் சுழல்மையத்தின் வழியே போவதில்லை. அதனால் ஆர்ம் தட்டின் மையத்தை நோக்கிச் சற்றே தள்ளப்படுகிறது. அதை ஈடுகட்ட வெளிப்பக்கமாக இழுப்பதே ஆன்டி-ஸ்கேட்டிங். தட்டைப் பின்னுக்கு இழுத்தவுடன் உராய்வு திசை மாறி, ஆர்மை வெளிப்பக்கம் தள்ளத் தொடங்குகிறது. ஆன்டி-ஸ்கேட்டிங்கும் அதே பக்கம் இழுத்துக்கொண்டிருப்பதால் இரண்டும் கூட்டுச் சேர்ந்து ஊசியைப் பள்ளத்திலிருந்து வெளியேற்றுகின்றன. வெஸ்டாக்ஸ் பிடிஎக்ஸ்-2000 போன்ற டர்ன்டேபிள்கள் நேர் ஆர்மோடு வந்ததும் இந்தப் பக்கவாட்டுத் தள்ளலைக் குறைக்கத்தான்.

பழக்குதல்

புதுச் செருப்பு முதல் வாரம் கடிப்பதுபோல, புது ஊசியின் ரப்பர் வளையமும் முதலில் விறைப்பாக இருக்கும். விறைப்பான ரப்பர் முனையைப் பள்ளத்தோடு ஆட விடாமல் தடுக்கும். வேகமான பின்னிழுப்பில் முனை பள்ளத்தின் சுவரில் ஏறி வெளியே குதிக்கும். 20 முதல் 30 மணி நேரம் ஓடினால் ஊசி தன் இயல்புக்கு வரும் என்பது இசைத்தட்டுப் பிரியர்களிடையே பரவலாக உள்ள கணக்கு. ஸ்கிராட்சுக்கு நான் இதை மூன்று கட்டமாகப் பிரித்துக்கொள்கிறேன்.

முதல் 10 மணி நேரம் ஸ்கிராட்சே வேண்டாம். ஒரு நீளிசைத்தட்டின் ஒரு பக்கம் சுமார் 20 நிமிடம் ஓடும் என்று வைத்தால், ஏறத்தாழ 30 பக்கங்கள். சமைக்கும்போதும் படிக்கும்போதும் ஓடவிட்டால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். பரிந்துரைத்த எடையிலேயே ஓடட்டும். சீக்கிரம் தளரட்டும் என்று எடையைக் கூட்டுவது புது மாட்டை முதல் நாளே பாரம் ஏற்றிய வண்டியில் பூட்டுவதற்குச் சமம். தட்டு சுத்தமாகவும் வளையாமலும் இருக்க வேண்டும். நல்ல தாழ்சுருதியும் கூர்மையான தாளமும் கலந்த இசை சிறந்தது, ஏனென்றால் அது தண்டை எல்லாத் திசையிலும் அசைக்கும். டிஜிட்டல் வழியில் வாசிப்போர் பயன்படுத்தும் டைம்கோடு தட்டுகளை இந்தக் கட்டத்தில் தவிர்க்கிறேன். அவற்றில் ஒரே சீரான சுருதிதான் பதிவாகியிருக்கும், செராட்டோ என்ற மென்பொருளினுடையதில் 1 கிலோஹெர்ட்ஸ். ஏற்கெனவே ஸ்கிராட்ச் செய்து தேய்ந்துபோன தட்டையும் புது ஊசிக்குக் கொடுக்காதீர்கள்.

அடுத்த 5 மணி நேரம் மெதுவான பேபி ஸ்கிராட்ச் மட்டும், அதாவது ஃபேடரைத் தொடாமல் ஒரே ஓசையை முன்னும் பின்னும் இழுப்பது. தட்டின் வெளிச்சுற்றுகளில் இருக்கும் ஓசையைத் தேர்ந்தெடுங்கள். நிமிடத்துக்கு 33⅓ சுழற்சியில் 12 அங்குலத் தட்டின் வெளி விளிம்பில் பள்ளம் ஊசிக்கடியில் நொடிக்கு ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் ஓடுகிறது. உள்ளே போகப் போக அது பாதிக்கும் கீழே குறைகிறது. வெளியே ஓர் ஓசை நீண்ட தூரத்தில் விரிந்து கிடப்பதால் அதன் அலைகள் முனைக்கு மென்மையான மேடுபள்ளங்களாக அமைகின்றன.

இந்தக் கட்டத்தில் ஊசியைக் காட்டிலும் கையைக் கவனியுங்கள். தலையைத் தாழ்த்தி, கண்ணைத் தட்டின் மட்டத்துக்குக் கொண்டுவந்து, பக்கவாட்டில் ஒரு விளக்கை வைத்துப் பாருங்கள். விரல் தட்டில் படும் கணத்தில் விளிம்பு கீழே அமுங்கி, எதிர்ப்பக்கம் மயிரிழை அளவு உயர்வது தெரியும். அதனோடு ஹெட்ஷெல்லும் எழுந்து தாழும். அந்த அசைவுதான் தாவலின் தொடக்கம். தட்டை அழுத்தக் கூடாது; விரல் நுனிகளைக் கிடையாக வைத்து நகர்த்த வேண்டும். அப்படி நகர்த்த முடியவில்லை என்றால் ஸ்லிப்மேட், அதாவது தட்டை வழுக்கவிடும் அடிவிரிப்பு, தடிமனாக இருக்கிறது என்று பொருள். மெல்லிய ஸ்லிப்மேட்டும், அதனடியில் வட்டமாக வெட்டிய வழுவழுப்பான பிளாஸ்டிக் தாளும் இருந்தால், இயந்திரம் சுழன்றுகொண்டிருக்கத் தட்டு ஒரு விரலுக்கே நின்றுவிடும். தட்டின் நடுத்துளை தளர்ந்திருந்தாலும் ஒவ்வோர் இழுப்பிலும் தட்டு பக்கவாட்டில் உதறும். நடு அச்சில் ஒரு சுற்று மெல்லிய ஒட்டுநாடா சுற்றினால் அந்த உதறல் நின்றுவிடும்.

மூன்றாவது கட்டத்தில் வேகத்தைக் கூட்டலாம். முதலில் சிர்ப் போன்ற ஃபேடர் அசைவுகளும், ஃபேடர் இல்லாமல் கையாலேயே இழுப்பைத் துண்டிக்கும் டியர் போன்றவையும். பிறகு தோள்பட்டையை இறுக்கி நடுங்கும் வேகத்தில் செய்யும் அசைவுகள். கடைசியாகத் தட்டைப் பின்னோக்கி வேகமாகச் சுழற்றிவிடும் பேக்ஸ்பின். ஒவ்வொன்றையும் 5 நிமிடம் செய்து, எத்தனை முறை தாவியது என்று தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை நாளுக்கு நாள் இறங்கினால் ஊசி பழகிக்கொண்டிருக்கிறது. 25 மணி நேரம் கடந்தும் இறங்கவில்லை என்றால், எடையைத் தொடும் முன் பிற காரணங்களை வரிசையாக விலக்குங்கள்: மேசை ஆடுகிறதா, ஆர்மின் மூட்டு தளர்ந்திருக்கிறதா, தட்டு வளைந்திருக்கிறதா, வேறொரு தட்டிலும் தாவுகிறதா. எல்லாம் சரியென்றால், வரம்புக்குக் கீழே இருக்கும் கான்கார்டில் 0.2 கிராம் வீதம் கூட்டலாம்; 3 கிராமில் இருக்கும் எம்44-7 ஏற்கெனவே உச்சத்தில்தான் இருக்கிறது. தயாரிப்பாளரின் உச்ச வரம்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். பின்புற எடையைத் தலைகீழாகத் திருப்பி மாட்டி அளவுக்கு மீறிய பாரம் கொடுக்கும் வழக்கம் ஒன்று உண்டு. அப்படிச் செய்யும்போது எண் வளையத்தின் அளவு பொருளற்றுப்போகிறது; எத்தனை கிராம் என்பது யாருக்கும் தெரியாது. தராசு இல்லாமல் அதைச் செய்யவே கூடாது.

குளிர்நாடுகளில் இருப்போர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். ரப்பர் குளிரில் விறைக்கும். பனிக்காலத்தில் வெளியிலிருந்து கொண்டுவந்த ஊசியை உடனே வேலைக்கு இழுக்காமல், அறையின் வெப்பத்துக்கு வரும்வரை விட்டு, ஒரு பக்கம் இயல்பாக ஓடவிட்டபின் தொடங்குங்கள். நம் ஊர் வெயிலில் நிறுத்திய காருக்குள் ஊசியை விட்டுவைப்பதும் அதே ரப்பருக்குக் கேடுதான்.

பேணுதலும் மாற்றும் நேரமும்

ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும், மென்மையான தூரிகையால் பின்னிருந்து முன்னாக, அதாவது தண்டு நீண்டிருக்கும் திசையிலேயே, முனையைத் துடையுங்கள். முன்னிருந்து பின்னாகவோ பக்கவாட்டிலோ துடைத்தால் தண்டு வளையும். வைரம் பசையால் ஒட்டப்பட்டிருப்பதால் திரவங்களைத் தாராளமாகப் பூச வேண்டாம்.

பழைய கிராமபோன் காலத்தில் எஃகு ஊசியை ஒவ்வொரு தட்டுக்கும் மாற்றினார்கள். வைரம் அப்படிச் சட்டென்று தேய்வதில்லை. அதனாலேயே தேய்வது தெரியாமல் நாள் ஓடிவிடும். ஒலியில் 'ச', 'ஸ' போன்ற எழுத்துகள் கரகரப்பாக வெடிப்பது, முன்பு அடங்கியிருந்த அசைவுகளுக்கு மீண்டும் தாவுவது, முனையைச் சுற்றிக் கருந்தூள் வழக்கத்துக்கு மேல் சேர்வது, கண்ணாடியில் பார்க்கும்போது உருண்டையான நுனியில் தட்டையான இரு முகங்கள் பளபளப்பது ஆகியவை மாற்ற வேண்டிய நேரத்தின் அறிகுறிகள். தினமும் ஸ்கிராட்ச் செய்யும் ஊசி, பாட்டுக் கேட்கும் ஊசியைவிட மிக விரைவில் இந்த நிலைக்கு வந்துவிடும்.

இரண்டு டர்ன்டேபிள்களில் வாசிப்பவர் இரண்டு ஊசிகளையும் ஒரே நாளில் மாற்றுவது நல்லது. ஒன்று பழகியதாகவும் மற்றொன்று விறைப்பாகவும் இருந்தால் இடக்கைக்கும் வலக்கைக்கும் இரு வேறு தட்டுகளைப் பிடித்ததுபோல இருக்கும். புது இணையைப் பழக்கத் தொடங்கும்போது ஊசியின் பெட்டிமேல் தேதியை எழுதிவையுங்கள். தட்டையாகிவிட்ட பழைய ஊசியை இனி எந்தத் தட்டின்மேலும் இறக்காதீர்கள். ஊசியை மாற்றிப் பொருத்தும் கைப்பழக்கம் வரும்வரை கழற்றி மாட்டிப் பார்ப்பதற்கு அது உதவும்.